திருவொற்றியூர் வெயிலில் பாலி, மோனோ, டாப்கான்: மூன்று வகைச் சிலிக்கான் பேனல்கள் பற்றிய மதிப்புரை

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2016ஆம் ஆண்டில் 250 வாட் பாலி சோலார் பேனல்கள் நான்கைப் பதித்தோம். 2021ஆம் ஆண்டில் அவற்றுக்குப் பக்கத்திலேயே 370 வாட் மோனோ பெர்க் பேனல்கள் மூன்றைச் சேர்த்தோம். 2025ஆம் ஆண்டில் தண்டையார்பேட்டையில் என் தங்கை வீட்டு மாடியில் 575 வாட் டாப்கான் பேனல்கள் ஆறு ஏறின. பெர்க்கும் டாப்கானும் மோனோவின் மேம்பட்ட வடிவங்கள்; அவற்றைப் பின்னர் விளக்குகிறேன். மூன்று வகைக்கும் தனித்தனி இன்வெர்ட்டர் இருப்பதால், எது எவ்வளவு தருகிறது என்பதைக் கலப்பில்லாமல் பார்க்க முடிகிறது. பேனல் வாங்க நினைக்கும் உறவினர்களும் தெருக்காரர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எத்தனை வாட் பேனல் நல்லது?" வாட் எண்ணை விட்டுவிட்டு வேறொரு எண்ணைக் கேளுங்கள் என்பதே என் பதில். அந்த எண் எது, அது சிலிக்கானின் வகையோடு எப்படிக் கட்டுண்டிருக்கிறது, வடசென்னையின் வெயிலிலும் உப்புக்காற்றிலும் அதன் பொருள் என்ன என்பதைத்தான் இந்த மதிப்புரையில் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடைகளில் "பாலி" என்று சொன்னால் பல்படிகச் சிலிக்கானால் ஆன பேனல் என்று பொருள். ஆனால் சிலிக்கான் தொழிலில் "பாலிசிலிக்கான்" என்பது தூய்மையாக்கப்பட்ட மூலப்பொருளின் பெயர். ஒற்றைப் படிகத்தால் ஆன செல்களைக் கொண்ட மோனோ பேனலும் அதிலிருந்துதான் பிறக்கிறது. குவார்ட்சு பாறையைக் கரியுடன் சேர்த்து மின்வில் உலையில் உருக்கினால் 98 அல்லது 99 சதவீதத் தூய்மையுள்ள சிலிக்கான் கிடைக்கும். அந்தத் தூய்மை பேனலில் உள்ள மின்கலத்துக்கு, அதாவது செல்லுக்கு, போதாது என்பதால், அதைக் குளோரின் சேர்மமாக்கி, வடித்துப் பிரித்து, மீண்டும் சிலிக்கானாகப் படிய வைத்து, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாசு இருக்கும்படி செய்கிறார்கள். இதுவரை பாலிக்கும் மோனோவுக்கும் பாதை ஒன்றே. அதன் பிறகு அதை எப்படி உறைய வைக்கிறார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

உருகிய சிலிக்கானைச் சதுரமான பெரிய பாத்திரத்தில் வைத்து, அடியிலிருந்து மேலாக மெல்லக் குளிர வைத்தால், பல இடங்களில் ஒரே நேரத்தில் படிகங்கள் முளைத்து ஒன்றையொன்று முட்டி நிற்கும். அதுவே பல்படிகம். பாலி பேனலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், புதிய துத்தநாகத் தகட்டில் தெரியும் பூப்போன்ற திட்டுகள் நீல நிறத்தில் தெரிவது இதனால்தான். ஒவ்வொரு திட்டும் ஒரு தனிப் படிகம். திட்டுகளுக்கு இடையிலுள்ள எல்லைகளில், ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான்கள் பயன்தராமல் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. பாலியின் திறன், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, குறைவதற்கு முதன்மையான காரணம் இந்த எல்லைகளும், வார்க்கும்போது படிகத்துக்குள் புகும் பழுதுகளும் மாசுகளுமே.

மோனோவுக்கு, 1414 டிகிரி செல்சியஸில் உருகும் சிலிக்கான் குழம்பின் மேற்பரப்பில் ஒரு சிறு விதைப்படிகத்தைத் தொட வைத்து, சுழற்றியபடியே மிக மெதுவாக மேலே இழுக்கிறார்கள். விதையின் அணு அடுக்கு எந்த ஒழுங்கில் இருக்கிறதோ அதே ஒழுங்கில் முழு உருளையும் வளர்கிறது. போலந்து நாட்டு அறிவியலாளர் யான் சோக்ரால்ஸ்கி 1916ஆம் ஆண்டில் உலோகங்களின் படிகமாகும் வேகத்தை ஆராய்ந்தபோது கண்ட முறை இது. சூரிய மின்சாரம் பற்றிய எண்ணமே அப்போது அவருக்கு இருந்திருக்க முடியாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சுமார் 6 சதவீதத் திறனுள்ள முதல் பயன்தரு சிலிக்கான் மின்கலத்தைக் காட்டியது 1954ஆம் ஆண்டில்தான். உருளையாக வளரும் படிகத்தைச் சதுரமாக்க ஓரங்களை வெட்டுவதால், பழைய மோனோ செல்களின் நான்கு மூலைகளும் மழுங்கியிருக்கும். நான்கு செல்கள் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு சாய்சதுரம் தெரியும். இன்று வரும் பெரிய செல்களில் மூலை வெட்டு மிகச் சிறியது என்பதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

கறுப்பாக இருந்தால் மோனோ, நீலமாக இருந்தால் பாலி என்று பலர் சொல்வது ஓரளவுக்குத்தான் சரி. நிறத்தைத் தீர்மானிப்பது, செல்லின் மேல் பூசப்படும் மெல்லிய சிலிக்கான் நைட்ரைடு படலமும், அதன் அடியில் அரித்து உண்டாக்கும் நுண்ணிய மேடுபள்ளங்களுமாகும். படிகத் திட்டுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. 2021ஆம் ஆண்டில் எங்களுக்கு மோனோ என்று விலை சொன்ன ஒரு விற்பனையாளர், அடர்நீலப் பாலி பேனல்களை இறக்க முயன்றார். திட்டுகளைக் காட்டிக் கேட்ட பிறகுதான் திருப்பி எடுத்துச் சென்றார். பேனல் மாடிக்கு ஏறுவதற்கு முன், தெருவிலேயே நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

இனி நான் முதலில் சொன்ன அந்த எண்ணுக்கு வருகிறேன். பேனலின் முதுகில் ஒட்டிய தாளில் உள்ள 250, 370, 575 வாட் என்னும் எண்கள் எல்லாம், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தவை. சென்னையில் செல் 25 டிகிரியில் இருப்பது விடியற்காலையில்தான். அப்போது வெயில் இல்லை. வெயில் ஏறும்போது செல்லும் சூடேறுகிறது. சூடேறினால் சிலிக்கானின் மின்னழுத்தம் குறைகிறது. ஒரு டிகிரி கூடினால் எத்தனை சதவீதம் குறையும் என்பதை வெப்பக் குணகம் என்று விவரத்தாளில் அச்சிட்டிருப்பார்கள். வாங்குபவர் கேட்க வேண்டிய எண் இதுதான். பழைய பாலி பேனல்களில் இது டிகிரிக்கு 0.41 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மோனோ பெர்க்கில் ஏறத்தாழ 0.35, டாப்கானில் ஏறத்தாழ 0.30, ஹெட்டிரோஜங்ஷன் எனப்படும் இன்னொரு மோனோ வகையில் ஏறத்தாழ 0.25.

மே மாதத்தில் மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்று ஊருக்குள் நுழையத் தாமதிக்கும் நாட்களை வடசென்னைக்காரர்கள் நன்கு அறிவார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளின் நண்பகலில், கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியைப் பேனலின் முதுகில் காட்டியபோது 62 டிகிரி காட்டியது. செல் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும் என்பதால் 65 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 25 டிகிரியிலிருந்து 40 டிகிரி கூடுதல். 1000 வாட் என்று எழுதி விற்ற பாலி, அந்த வெப்பத்தில் 836 வாட்டுக்கு மேல் தர இயலாது. அதே 1000 வாட் பெர்க் 860 தரும். டாப்கான் 880 தரும். ஹெட்டிரோஜங்ஷன் 900 தரும். கடற்காற்று வந்துவிட்ட பிற்பகலில் முதுகின் வெப்பம் 55 டிகிரிக்கு இறங்கியதையும், இன்வெர்ட்டரில் எண் ஏறியதையும் நானே பலமுறை கண்டிருக்கிறேன். ஒரே அளவு வெயிலில், காற்று மாறியதற்காக மட்டும் மின்சாரம் கூடுவதைப் பார்த்த பிறகுதான், பேனலுக்கும் தளத்துக்கும் இடையே விடும் இடைவெளியின் அருமை எனக்குப் புரிந்தது. எங்கள் பாலி பேனல்கள் தரையோடு ஒட்டியதுபோல் தாழ்வாகப் பதிக்கப்பட்டவை. அது நாங்கள் செய்த பிழை. தங்கை வீட்டில் ஆள் உயரத்துக்கு ஜிஐ சட்டம் போட்டு ஏற்றியிருப்பதால், கீழே காற்று தாராளமாக ஓடுகிறது, துணி காயப்போடவும் இடம் கிடைத்தது.

பாலிக்கும் டாப்கானுக்கும் வெப்பத்தால் வரும் வேறுபாடு கிலோவாட்டுக்கு 44 வாட்தானே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். மாடி அகலமாக இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் காலடிப்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில், தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படி அறைக்கும் போக மிஞ்சும் இடம் சில நூறு சதுர அடிதான். ஆகவே கணக்கை இடத்தின் அடிப்படையில் போட வேண்டும். 100 சதுர அடியை இடைவெளியில்லாமல் பேனலால் நிரப்புவதாகக் கொண்டால், 15.4 சதவீதத் திறனுள்ள எங்கள் பாலி வகை 1430 வாட் வரை கொள்ளும். 65 டிகிரியில் அது 1195 வாட் ஆகும். 20.3 சதவீதத் திறனுள்ள பெர்க் 1885 வாட் கொள்ளும். வெப்பத்தில் 1620 ஆகும். 22.3 சதவீதத் திறனுள்ள டாப்கான் 2070 வாட் கொள்ளும். வெப்பத்தில் 1820 ஆகும். அதாவது ஒரே இடத்தில், ஒரே வெயிலில், பாலி தருவதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கை டாப்கான் தருகிறது. சிறிய மாடிக்கு எந்தச் சிலிக்கான் என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

இதனால் பாலி கெட்ட பொருள் என்று ஆகிவிடாது. எங்கள் நான்கு பேனல்களில் ஒன்றுகூட இதுவரை செத்ததில்லை. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது அவை பதித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. சட்டத்தின் ஒரு கால் வளைந்ததே தவிர கண்ணாடி உடையவில்லை. வார்ப்பு முறை எளியது, மலிவானது என்பதால் அந்தக் காலத்தில் பாலியின் விலை மோனோவைவிடக் குறைவாக இருந்தது, எங்களைப் போன்றோர் சோலார் பக்கம் வந்ததே அதனால்தான். பின்னர், வைரத்துகள் பதித்த கம்பியால் படிகத்தைச் சீவும் முறை பரவியதும், சோக்ரால்ஸ்கி உலைகள் பெரிதானதும் மோனோவின் விலையை இறக்கின. அதன் பிறகு பாலிக்கு இருந்த ஒரே சாதகமும் போய்விட்டது. இன்று கிடங்கில் தேங்கிய பாலியை யாராவது குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னால், இடம் தாராளமாக இருந்தாலொழிய வாங்க வேண்டாம் என்பேன். சட்டம், கம்பி, கூலி ஆகியவற்றின் செலவு பேனலின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும் என்பதை அந்தக் குறைந்த விலை மறைத்துவிடுகிறது.

மோனோ பெர்க் என்பது செல்லின் முதுகுப்புறத்தில் ஒரு காப்புப் படலம் சேர்த்த மோனோ. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவினர் 1980களில் வளர்த்தெடுத்த வடிவம் அது. முதுகில் முழுவதும் அலுமினியம் ஒட்டியிருந்த பழைய செல்லில், அங்கு வந்து சேரும் எலக்ட்ரான்கள் வீணாகிவிடும். காப்புப் படலம் அதைத் தடுக்கிறது. உறிஞ்சப்படாமல் கடந்துபோகும் செவ்வொளியையும் மீண்டும் உள்ளே திருப்புகிறது. எங்கள் மூன்று பெர்க் பேனல்கள், 1000 வாட் பாலிக்குப் பக்கத்தில் 1110 வாட்டாக நின்று, நல்ல கோடை நாட்களில் வாட் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் பாலியைவிட முந்தியே இருக்கின்றன. இதில் பேனலின் வயது வேறுபாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

பெர்க்கின் குறை அதன் தொடக்க நாட்களில் இருக்கிறது. போரான் கலந்த மோனோவில், குவார்ட்சு பாத்திரத்திலிருந்து கரைந்து வந்த ஆக்சிஜனும் போரானும் ஒளி பட்டதும் சேர்ந்து ஒரு பழுதை உண்டாக்குகின்றன. முதல் சில நாட்களிலேயே ஓரிரு சதவீதம் குறைந்துவிடும். சோக்ரால்ஸ்கி முறையில் ஆக்சிஜன் கூடுதலாகப் படிகத்துக்குள் போகும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் வார்ப்புப் பாலிக்கே பாதிப்புக் குறைவு. இதைத் தவிர்க்கப் பல தயாரிப்பாளர்கள் போரானுக்குப் பதிலாகக் கேலியம் கலக்கத் தொடங்கினார்கள். பெர்க் வாங்குவோர் விவரத்தாளில் கேலியம் என்னும் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது பயன்தரும்.

டாப்கானில் அடித்தளமே மாறுகிறது. போரானுக்குப் பதிலாகப் பாஸ்பரஸ் கலந்த மோனோவை எடுத்து, அதன் முதுகில் ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலமும், அதன்மேல் மிக மெல்லிய பல்படிகச் சிலிக்கான் அடுக்கும் வைக்கிறார்கள். ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவன ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வாக்கில் வெளிக்கொணர்ந்த அமைப்பு இது. போரான்-ஆக்சிஜன் பழுது இதில் எழுவதில்லை. அதன் விளைவு உத்தரவாதத் தாளில் தெரிகிறது: பெர்க்குக்கு வழக்கமாக முதலாண்டில் 2 சதவீதமும் பின்னர் ஆண்டுக்கு 0.55 சதவீதமும் குறைய இடம் விட்டு, 25ஆம் ஆண்டின் இறுதியில் 84.8 சதவீதம் என்று எழுதித் தருகிறார்கள். டாப்கானுக்கு முதலாண்டில் 1 சதவீதம், பின்னர் ஆண்டுக்கு 0.40 சதவீதம், 30ஆம் ஆண்டின் இறுதியில் 87.4 சதவீதம். தங்கை வீட்டு ஆறு பேனல்களும் வந்து இன்னும் நீண்ட காலம் ஆகவில்லை என்பதால், உழைப்பைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும், எங்கள் பாலி ஓய்ந்துவிட்ட நேரத்தில், அவை இன்னும் கணிசமாக மின்சாரம் தந்துகொண்டிருப்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட ஆசைப்படுகிறேன். கடைக்காரர்கள் மோனோ, பாலி, படிகமற்றது என்று மூன்றையும் போட்டியாளர்களைப் போலப் பேசுகிறார்கள். ஆனால் டாப்கானின் முதுகில் இருப்பது பல்படிகச் சிலிக்கான். ஹெட்டிரோஜங்ஷன் செல்லின் இருபுறமும் இருப்பது படிகமற்ற சிலிக்கான். தனித்து நின்றபோது திறன் குறைந்தவையாகத் தெரிந்த அவை இரண்டும், மிக மெல்லிய அடுக்காக மோனோவின் மேல் படிந்தவுடன், அதன் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் வீணாவதைத் தடுக்கும் மிகச் சிறந்த காவலாகிவிடுகின்றன. ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிலைகள் ஒரே செல்லுக்குள் இப்படி ஒத்துழைப்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. தனிச் சிலிக்கானுக்கு இயற்பியல் விதிக்கும் எல்லை ஏறத்தாழ 29.4 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாடியில் இருக்கும் பேனல்கள் 22, 23 சதவீதத்துக்கு வந்துவிட்டன என்றால், எல்லை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஹெட்டிரோஜங்ஷனை நான் பயன்படுத்தியதில்லை. வெப்பக் குணகத்தைப் பார்த்தால் நம் ஊருக்கு ஏற்றது அதுவே. விலை இறங்கினால் அடுத்த முறை அதைத்தான் கேட்பேன்.

படிகமற்ற சிலிக்கானை, அதாவது அமார்ஃபஸ் பேனலை, 2012ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் ஒரு விளக்குக்கும் சிறு விசிறிக்குமாக வாங்கினோம். பழுப்பு நிறத்தில், இரு கண்ணாடிகளுக்கு இடையே வைத்ததாக, 40 வாட் என்று எழுதியிருந்தது. சில மாதங்களிலேயே விசிறி தளர்ந்தது. கடைக்காரர் பேட்டரியைக் குறை சொன்னார். பேட்டரியை மாற்றியும் பயனில்லை. உண்மையான காரணம் பின்னாளில் படித்துத்தான் தெரிந்தது. படிகமற்ற சிலிக்கான் முதல் சில மாதங்களின் வெயிலில் தன் திறனில் 10 முதல் 30 சதவீதம் வரை இழப்பது அதன் இயல்பு. ஸ்டேப்ளர், வ்ரான்ஸ்கி என்னும் இருவர் 1977ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். வெப்பத்தால் அது இழப்பது டிகிரிக்கு 0.2 சதவீதம்தான், மேகமூட்டத்திலும் நன்றாகவே உழைக்கும் என்பவை உண்மை. ஆனால் 7 சதவீதத் திறன் என்று கொண்டால், 100 சதுர அடியில் 65 டிகிரியில் அது தருவது 600 வாட் மட்டுமே. கால்குலேட்டருக்கும் கைக்கடிகாரத்துக்கும் அது போதும். வீட்டு மாடிக்கு வேண்டாம். திருப்பெரும்புதூர் பகுதியில் பர்ஸ்ட் சோலார் நிறுவனம் தயாரிக்கும் மென்படலப் பேனல்களையும் இதோடு சேர்த்துப் பேசுவதுண்டு. அவை கேட்மியம் டெல்லுரைடால் ஆனவை, சிலிக்கானே அல்ல, ஆகவே இந்த ஒப்பீட்டுக்குள் வரமாட்டா.

வெப்பத்துக்கு அடுத்ததாக வடசென்னையில் பேனலைச் சோதிப்பவை உப்பும் தூசியும். கிழக்கே கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து நிலக்கரிச் சாம்பல் வருகிறது, எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்புகின்றன. பேனலைத் தெற்கு நோக்கி, நம் அட்சரேகைக்கு ஏற்றபடி 13 டிகிரி அளவுக்கே சாய்ப்பதால், பனி நனைத்த தூசி வழிந்து கீழ்ச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சேறாகத் தங்கிவிடும். இந்தச் சேற்றுப் பட்டை பார்வைக்குச் சிறியது, விளைவு பெரியது. ஒரு பேனலில் செல்கள் மூன்று தொடர்களாகப் பிணைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும், தளர்ந்த தொடரைத் தவிர்த்து மின்னோட்டத்தைக் கடத்தும் ஒரு பைபாஸ் டயோடு இருக்கும். நெட்டுக்குத்தாக வைத்த பழைய முழுச்செல் பாலியில், அடிவரிசையின் செல்கள் மூன்று தொடர்களிலும் பங்கு கொண்டவை. ஆகவே அடிவரிசை மூடினால் பேனல் முழுவதும் தளர்கிறது. பெர்க்கும் டாப்கானும் அரைச்செல் அமைப்பில் வருவதால், கீழ்ப்பாதி தளர்ந்தாலும் மேல்பாதி தன் வேலையைத் தொடர்கிறது. இந்த நன்மை சிலிக்கானின் வகையால் வருவதன்று, செல்லைப் பாதியாக வெட்டிப் பிணைத்த முறையால் வருவது. இருந்தாலும் பாலி பேனல்களில் பெரும்பாலானவை அரைச்செல் பரவுவதற்கு முன் வந்தவை என்பதால், நடைமுறையில் அந்தக் குறையும் பாலியின் கணக்கில்தான் சேர்கிறது.

கழுவும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. முதல் இரண்டு ஆண்டுகள் அந்தத் தண்ணீரிலேயே கழுவினோம். காய்ந்த பிறகு கண்ணாடியில் வெள்ளைக் கறை படிந்து, பின்னர் எதைத் தேய்த்தும் முழுமையாகப் போகவில்லை. மெட்ரோ வாட்டர் நீரில், சூரியன் சூடேறும் முன், மென்மையான துடைப்பத்தால் கழுவுவதே சரி. சுட்ட கண்ணாடியில் நண்பகலில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

உப்பைப் பொறுத்தவரை டாப்கானைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. ஈரமும் உப்பும் பேனலுக்குள் புகுந்தால், டாப்கான் செல்லின் முகப்பிலுள்ள உலோகக் கோடுகள் பெர்க்கினுடையவற்றைவிட எளிதில் அரிபடுகின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கடலோரத்தில் டாப்கான் வாங்குவோர், முதுகில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியதை விட்டுவிட்டு, இருபுறமும் கண்ணாடி உள்ள பேனலையே கேட்க வேண்டும். உப்புப்புகைச் சோதனைக்கான ஐஇசி 61701 சான்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருபுறக் கண்ணாடிப் பேனல் ஒவ்வொன்றும் 30 கிலோவுக்கு மேல் எடை கொண்டது; ஏற்றுவதற்கு ஆள் கூடுதலாக வேண்டும், மர உத்திரங்களின்மேல் செங்கல் பாவிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால் முதலில் பொறியாளரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். கூடுதல் நன்மையாக, முதுகில் படும் ஒளியையும் அது மின்சாரமாக்கும். தங்கை வீட்டுத் தளத்தில் வெள்ளைக் கூல் டைல்ஸ் ஒட்டியிருப்பது இதற்குப் பொருந்திவிட்டது. எங்கள் பாலியின் பிளாஸ்டிக் முதுகுத்தாள் இப்போது தொட்டால் சுண்ணாம்பு போல் விரலில் ஒட்டுகிறது. சிலிக்கான் இன்னும் நன்றாக இருக்கும்போதே உறை முதலில் மூப்படைகிறது என்பதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

மானியம் வேண்டுவோருக்குத் தேர்வு சற்றுக் குறுகும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் கிடைக்கின்றன. ஆனால் செல், பேனல் இரண்டும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் டாடா குழுமத்தின் ஆலை செல்லையும் பேனலையும் சேர்த்தே தயாரிக்கிறது என்பது நமக்குப் பெருமைதான். உள்நாட்டுச் செல் கொண்டவற்றில் பெர்க் எளிதாகக் கிடைக்கிறது. டாப்கானுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, விலையும் கூடுதல். தங்கையின் கணவர் காத்திருக்கச் சம்மதித்தார். மாடி பெரிதாக இருந்திருந்தால், கேலியம் கலந்த உள்நாட்டுப் பெர்க்கையே வாங்கச் சொல்லியிருப்பேன். 3 கிலோவாட்டைக் குறுகிய இடத்தில் அடக்க வேண்டியிருந்ததால், ஆறே பேனலில் முடிந்த டாப்கானே பொருந்தியது.

எங்கள் வீட்டிலும் அடுத்த கோடைக்கு முன் நான்கு பாலி பேனல்களையும் இறக்கிவிட்டு, அதே இடத்தில் இரண்டு டாப்கான் வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். மாடியில் இடமும் மிஞ்சும், 150 வாட்டும் கூடும். இறக்கும் பேனல்களை உடைத்துப் பழைய சாமான் கடைக்குப் போட மனம் ஒப்பவில்லை. மீஞ்சூருக்கு அப்பால் என் மைத்துனருக்குச் சிறு தோட்டம் இருக்கிறது; அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை, வெட்டவெளிக் காற்றும் உண்டு. பகலில் சிறு மோட்டாரை ஓட்ட அவை போதும் என்று எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டுச் சொன்னார். இம்முறை தரையிலிருந்து நன்கு உயர்த்திப் பதிக்கும்படி சொல்லியிருக்கிறேன்.